சாக்கு நனையவில்லை

ஜெனரேற்றரின் பெற்றோல் தாங்கி பாதிக்குமேல் வற்றியிருந்தது. ஆனால் கீழே விரித்திருந்த சாக்கில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

கணபதி குனிந்து சாக்கை விரலால் தடவினார். தூக்கி மூக்கருகே பிடித்தார். பழைய நெல்லுத் தூசி மணந்தது, வேறொன்றும் இல்லை. பெற்றோல் வரிசையில் நின்று நின்று ஊரே கால் வீங்கிப்போன அந்த ஆண்டில், கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, தறப்பாளால் போர்த்துச் சாமான் அறை மூலையில் அவர் தள்ளிவைத்த ஜெனரேற்றர் அது. வடித்துவிட்டு வை, இல்லாவிட்டால் இயந்திரம் கெட்டுப்போகும் என்று எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடையில் ஒரு போத்தல் மூடி பெற்றோலுக்காக ஊரெல்லாம் அலைந்த மனிதர், நிறைந்த தாங்கியைத் தன் கையாலேயே வெறுமையாக்குவாரா? வன்னியில் யாரும் செய்யமாட்டார்கள். அவரும் செய்யவில்லை.

சாக்கு உலர்ந்திருந்தது. அறை முழுக்கப் பெற்றோல் மணந்தது. அதுவும் பழம் பெற்றோலின் புளித்த மணம் இல்லை. சற்றுமுன்தான் யாரோ ஊற்றிவிட்டுப் போனதுபோல் பச்சையாக மணந்தது.

மத்தியானம் திரும்பியும் வெளியே வெளிச்சம் இல்லை. காலையில் அடித்த புயல் கண்டாவளைப் பக்கத்து மின்கம்பிகளை அறுத்துப் போட்டிருந்தது. சாமான் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி வடிவம்மா கட்டிலில் கிடந்தாள். சுவாசப்பை இறுகிப்போன நோய் அவளுக்கு. கறண்ட் போன கணமே கட்டிலருகே நின்ற ஒட்சிசன் இயந்திரமும் ஓய்ந்துவிட்டது. அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரியில் தந்த சின்னச் சிலிண்டரில்தான் இப்போது மூச்சு ஓடுகிறது. அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பெரிய சிலிண்டர் எடுத்துவர உழவு இயந்திரத்தில் கிளிநொச்சிக்குப் போன பக்கத்து வீட்டுப் பிரதாபனைக் காணவில்லை. வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் பாய்கிறது, போனும் எடுபடவில்லை. ஜெனரேற்றர் ஓடினால் வடிவு இருப்பாள். ஓடாவிட்டால் இல்லை.

கணபதி ஜெனரேற்றரின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. காபரேற்றரின் அடி ஆணியைக் கழற்றிப் பார்த்தால், கிண்ணம் காய்ந்து கிடந்தது. தாங்கியில் மிச்சம் இருக்கிறது, அடைப்பானும் திறந்திருக்கிறது, ஆனாலும் கீழே எண்ணெய் வந்து சேரவில்லை. இடையில் எங்கோ போகிறது. ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் ஒட்சிசன் இருக்கும் வீட்டில் இதை ஓடவிடுவது கொள்ளிக்கட்டையைக் கூரையில் செருகுகிற வேலை என்று அவருக்குத் தெரியும்.

சுவருக்கு அப்பாலிருந்து வடிவம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ… என்ன மணக்குது?"

"பெற்றோல்தான். எங்கையோ ஒழுகுது. பாத்திட்டு வாறன்."

"ஒழுகினா சொட்டுற சத்தமெல்லே கேக்கோணும்?" மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குது. நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறமாதிரி."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிப்போனது.

"கனக்கக் கதையாதை, வடிவு. மூச்சை வைச்சிரு."

சாமான் அறையில் அவர் தேத்தண்ணி எதுவும் குடிக்கவில்லை.

பழந்துணியால் ஜெனரேற்றரை முழுக்கத் துடைத்தார். தாங்கியின் தையல், அடைப்பான், றப்பர் குழாய், காபரேற்றர் என்று ஒன்றுவிடாமல் துடைத்து, வடிவம்மாவின் முகப்பவுடரை எடுத்துவந்து மேலெல்லாம் தூவினார். ஈரம் எங்கே கசிந்தாலும் வெள்ளைப் பவுடரில் கறுத்த கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கணபதியின் பழைய வித்தை அது. தூவி முடித்துக் கதவைச் சாத்திவிட்டுச் சிலிண்டரின் முள்ளைப் பார்க்கப் போனார். முள் இன்னும் இறங்கியிருந்தது. வடிவம்மாவின் உதடுகள் நாவற்பழம் தின்றதுபோல் நிறம் மாறியிருந்தன. நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ரோச் விளக்கை அடித்தார்.

தாங்கியில் கோடு இல்லை. அடைப்பானில் இல்லை. காபரேற்றரில் இல்லை.

றப்பர் குழாயின் நடுவில் மட்டும் பவுடர் போயிருந்தது. குழாயைச் சுற்றி வட்டமாக, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. பிள்ளைக்குக் கஞ்சி பருக்கிய கோப்பையின் விளிம்பில் அப்படி ஒரு தடம் விழும். இரண்டு வளைவுகளும் ஈரமாக இருந்தன.

எலி என்று நினைத்துக்கொண்டார். எலிக்கு ஏது உதடு?

இந்த ஜெனரேற்றரை அவர் வாங்கவில்லை. இடம்பெயரும்போது வன்னியில் எல்லாரும் செய்ததுபோல அவரும் வளவில் சாமான்களைப் புதைத்துவிட்டுத்தான் போனார். மீளக்குடியேறிய பிறகு தோண்டியபோது அவருடைய தையல் மெசினும் பித்தளைக் குடமும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு அப்பால், அவர் வெட்டாத ஒரு பங்கர்க் குழி மண்மூடிக் கிடந்தது. சனம் ஓடுகிற வழியில் யாரோ வெட்டியிருக்க வேண்டும். அதன் வாயில் பொலித்தீனில் சுற்றியபடி இது இருந்தது. தேடி யாரும் வரவில்லை. இயந்திரத்தை மட்டும் தூக்கி எடுத்துக்கொண்டு, கீழே யாராவது கிடக்கிறார்களா என்று தோண்டிப் பார்க்காமல் மூடிவிட்டார். அதை நினைக்க இதுவா நேரம் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

அடைப்பானை மூடி, றப்பர் குழாயைக் கழற்றி எறிந்தார். பதிலுக்குப் போட வேறு றப்பர் இல்லை. வடிவம்மாவுக்கு மேலதிகமாகத் தந்த ஒட்சிசன் ரியூப் அலுமாரியில் இருந்தது. தடைக்காலத்தில் சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் ரியூப்பால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கை அது. ஒட்சிசன் ரியூப்பில் ஒரு முழம் வெட்டி, தாங்கிக்கும் காபரேற்றருக்கும் இடையில் செருகிக் கம்பியால் இறுக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கண்ணாடிபோல் தெளிந்த ரியூப். உள்ளே என்ன நடந்தாலும் தெரியும். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தார்.

அடைப்பானைத் திறந்தார்.

பெற்றோல் மஞ்சளாக இறங்கி வந்தது. ரியூப்பின் பாதியில் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறியது.

கணபதி கண்ணைக் கசக்கினார். மறுபடி இறங்கியது. நின்றது. ஏறியது. மழை ஓட்டில் கொட்டும் இரைச்சலுக்குள், சுவருக்கு அப்பால் வடிவம்மா மூச்சை இழுப்பது கேட்டது. இழுக்கும்போது பெற்றோல் ஏறியது. விடும்போது இறங்கியது. அவள் இருமினாள். ரியூப்புக்குள் பெற்றோல் நடுங்கியது.

காற்று அடைத்திருக்கிறது. வேறென்ன? காற்று அடைத்தால் இப்படித்தான். வாயால் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். எத்தனை தாங்கிகளில் வாய் வைத்து இழுத்தவர் அவர். ரியூப்பின் காபரேற்றர்ப் பக்கத்து நுனியைக் கழற்றினார். உதட்டில் வைத்தார். இழுத்தார்.

பெற்றோல் பல்லில் பட்டது. எரிந்தது.

துப்புவதற்குள், மறுபக்கத்திலிருந்து இழுபட்டது.

வாயில் இருந்த பெற்றோல் போனது. எச்சில் போனது. நாக்கு ரியூப்பின் வாயில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சிலிருந்த காற்று போனது. ஆத்திரம் இல்லாத, அவசரம் இல்லாத இழுப்பு. பசித்த குழந்தையின் இழுப்பு. அவர் காலால் ஜெனரேற்றரை உதைத்தார். உதடு கிழிந்து ரியூப் விடுபட்டது. அலுமாரி ஒன்றில் மோதி விழுந்தார். ரோச் உருண்டு அணைந்தது.

இருட்டில் ஒரு சத்தம். திருப்தியாகக் குடித்து முடித்தவர் விடும் மூச்சு.

பிறகு ஒன்றும் இல்லை. மழை மட்டும்.

அந்த அமைதிதான் அவரை எழுப்பியது. வடிவம்மா மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை.

"வடிவு!"

சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறை வாசலில் நின்றார். சிலிண்டரின் முள் அடியில் படுத்திருந்தது. அதன் குழாய் நிலத்தில் கிடந்தது. ஆனால் வடிவம்மா அமைதியாகப் படுத்திருந்தாள். உதடுகள் சிவந்திருந்தன. பல மாதமாக அப்படி ஒரு சிவப்பை அவர் அந்த முகத்தில் காணவில்லை. சந்தோசத்தில் அவருக்கு அழுகை வந்தது.

"வந்திட்டியளோ? கறண்டும் வந்திட்டுது," என்றாள் கண்ணை மூடியபடியே.

ஒட்சிசன் இயந்திரத்தின் குழாயைத் தானே மூக்கில் மாட்டியிருந்தாள். கணபதி மேலே பார்த்தார். மின்விசிறி அசையவில்லை. இயந்திரத்தின் விளக்கு எரியவில்லை. அதன் மோட்டார் ஊமையாக நின்றது. ஆனால் அதில் பொருத்தியிருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு கொத்து. இடைவெளி. மறுபடி ஒரு கொத்து.

அறை முழுக்கப் பச்சைப் பெற்றோல் மணம்.

அவள் மூச்சு விட்டாள். மணம் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"வடிவு, அதைக் கழற்று. கழற்றம்மா."

"வேண்டாம். எவ்வளவு நல்லா வருது."

குழாயை இரண்டு விரலால் நெரித்தார். குமிழிகள் நின்றன. வடிவம்மாவின் கண்கள் திறந்தன. நெஞ்சு எழும்பாமல் துடித்தது. கை காற்றைப் பிறாண்டியது. சிவந்த உதடுகள் கணத்தில் கறுத்தன. அவரால் பார்க்க முடியவில்லை. விரலை விட்டார். குமிழிகள் வந்தன. அவள் முகம் மறுபடி சிவந்தது. கண்கள் மூடிக்கொண்டன.

தூரத்தில் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. படலையடியில் வந்து நின்றது.

"கணபதியண்ணை! சிலிண்டர் கொண்டந்திட்டன். கதவைத் திறவுங்கோ!" பிரதாபன்தான்.

மூச்சு ஒன்றை அடக்குகிற நேரத்தில் அவளைப் புதுச் சிலிண்டருக்கு மாற்றிவிடலாம். அவ்வளவுதான் வேலை. கணபதி அவளுடைய காதுகளில் கொழுவியிருந்த குழாயை எடுக்கக் கை வைத்தார். குழாய் அசையவில்லை. தளர்ந்து கிடந்த அதன் சுருள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கட்டில் விளிம்பிலிருந்து சாமான் அறைச் சுவரோரம் நின்ற இயந்திரம்வரை கொடிக்கயிறுபோல் விறைத்தது.

"அண்ணை! இருக்கிறியளோ?"

அவர் குழாயை இரண்டு கையாலும் பற்றினார்.

போத்தலில் குமிழிகள் நின்றன. தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வற்றத் தொடங்கியது. வடிவம்மா தூக்கத்தில் சிரித்தாள். சிரித்த முகத்தோடு அவளுடைய தலை தலையணையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, சுவருக்கு அப்பால் ஜெனரேற்றர் நின்ற பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.