முத்திரை உடைந்த வரிசைக் குடம்

கதிரவன் பனங்காட்டுக்குப் பின்னால் மறைந்து, கீழ்த்திசைக் கடலிலிருந்து முழுமதி மெல்ல மேலெழுந்த அந்த அந்திப்பொழுதில், கருமணியாற்றின் கழிமுகத்தில் அடிக்கப்பட்டிருந்த பட்டுக் கூடாரத்துக்குள் மூன்று நாட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தார்கள். அப்படி என்ன பகை என்று கேட்கிறீர்களா, வாசகர்களே? பகையெல்லாம் ஒன்றுமில்லை. அபின்! அந்தப் பாழாய்ப்போன கறுப்புப் பிசின்தான். அதை ஒழிக்க உடன்படிக்கை எழுதவே கூடியிருந்தார்கள்.

அபின் விளைவித்த மலைநாட்டார் செடிகளை அழிக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கப்பலேறும் துறையோ நெய்தல் நாட்டு மன்னர் விடங்கதேவருடையது. அது போய் இறங்கி உயிர் குடித்த இடம் முத்துத்தீவு. அத்தீவின் இளவரசர் மாறவேளுக்குத்தான் மன்னரின் தங்கை எழில்நங்கை நிச்சயிக்கப்பட்டிருந்தாள். முகம் பாராமலே, அவர் விடுத்த ஓலைகளை மட்டும் படித்துப் படித்து, அந்தப் பெண் தன் நெஞ்சை முழுவதுமாகப் பறிகொடுத்திருந்தாள்.

தீவின் தூதர் கூத்தன் அரையன் எழுந்தார்.

"மன்னர் பெருமானே! எங்கள் கடலில் முத்துக் குளிப்பவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் மைத்துனன். தங்கை தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. இன்றோ மைத்துனன் அபின் மயக்கத்தில் தோணியில் சாய்ந்து கிடக்கிறான். கீழே இருப்பவன் கயிற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுச் செத்துப் போகிறான்."

"துறைமுகமும் சுங்கமும் என் பொறுப்பு, தூதரே" என்றாள் எழில்நங்கை. "ஒரு கலத்தையும் சோதிக்காமல் நான் விட்டதில்லை."

"ஒன்றை விட்டீர்கள், தேவி. வரிசை ஏற்றி வந்த கலத்தை."

கூடாரத்திலிருந்த எல்லோரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். திடுக்கிடமாட்டார்களா பின்னே? மணமகன் வீட்டுக்குச் செல்லும் வரிசைக் குடங்களை அரக்கு முத்திரையிட்டு அனுப்பினால், திருமண நாளன்று மணமகளே தன் கையால் பிரிக்க வேண்டும். அதற்குமுன் பிரித்தால் மணம் முறிந்தது என்று பொருள். இரு கரையிலும் அதுவே வழக்கம். எந்தச் சுங்கக் காவலன் துணிந்து கைவைப்பான்?

"எங்கள் பண்டசாலைக் காவலனைச் சிறைப்பிடித்திருக்கிறோம்" என்று தொடர்ந்தார் தூதர். "வாய் திறக்க மறுக்கிறான். ஆனால் முன்பு வந்த குடங்கள், முத்திரை குலையாமலே அடியில் துளையிடப்பட்டு, இப்போது வெறுமையாக இருக்கின்றன."

"என் தங்கையின் வரிசையைப் பழிக்கிறாயா? நாக்கை அறுப்பேன்!" என்று சீறினார் விடங்கதேவர்.

எழில்நங்கை திரும்பிப் பார்த்தாள். மறுநாள் கப்பலேறக் காத்திருந்த குடங்கள் கூடாரத்தின் மூலையில்தான் இருந்தன. உள்ளே மஞ்சளும் சந்தனமும் என்று அண்ணன் சொல்ல, முத்திரை வைத்தவள் அவளே. ஐயோ, அந்தப் பேதையின் நெஞ்சு பட்ட பாடு! உடைத்தால் மாறவேள் இல்லை. உடைக்காவிட்டால் அந்தக் கடலில் இன்னும் எத்தனை பேர் கயிற்றை ஆட்டுவார்களோ!

அவள் எழுந்து நடந்தாள். "வேண்டாம், நங்கை!" என்று மன்னர் கத்தினார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதைக் கேட்டதுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. குறுவாளின் பிடியால் ஓங்கி அடித்தாள். அரக்கு சிதறியது. மேலே ஒரு பிடி மஞ்சள், அதன் கீழே கறுப்புக் கறுப்பாய் அபின் உருண்டைகள்.

"ஏன் அண்ணா?" என்றாள்.

"எல்லையில் பகைவன் நிற்கிறான்! குதிரை வாங்கப் பொன் வானத்திலிருந்தா விழும்? உன்னையும் இந்த நாட்டையும் காக்கத்தானே செய்தேன்!"

அப்போது தூதர் தலைப்பாகையைக் கழற்றினார். நெற்றியில் தீவின் அரசகுலத்தார் மட்டுமே அணியும் முத்துப்பட்டம் தெரிந்தது.

"நான் மாறவேள். தேவி, என் ஐயம் பொய்யாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கடல் கடந்தேன்." பிறகு மன்னரை நோக்கி, "மைத்துனரே, என் கயிறு தங்கள் கையில் அல்லவா இருந்திருக்கும்!" என்றார்.

எழில்நங்கை அவரை ஒருமுறை, ஒரே ஒருமுறை, கண்ணாரப் பார்த்தாள். இத்தனை நாள் மனத்தில் வரைந்து வைத்திருந்த முகத்தைவிட அது களைத்திருந்தது.

"தளபதியாரே, மன்னரை அரண்மனைக்குள் காவலில் வையுங்கள். வாள் அவரிடம் வேண்டாம்" என்றாள். வாயிலில் நின்ற தளபதி தயங்கினார். பிறகு தலைகுனிந்து மன்னரின் இடையிலிருந்து வாளை உருவினார்.

உடன்படிக்கை ஓலையில் தானே எழுத்தாணி பிடித்து ஒரு வரி சேர்த்தாள்: 'அரசர் கலமாயினும், தூதர் கலமாயினும், மணவரிசையாயினும் சோதனைக்கு உட்பட்டதே.' கீழே தன் முத்திரையைப் பதித்தாள்.

மாறவேள் தம் கலத்தில் ஏறினார். நங்கூரம் எடுக்கும் சமயத்தில் கரையிலிருந்து அவள் குரல் ஓங்கி ஒலித்தது.

"நிறுத்துங்கள்! இந்தக் கலத்தையும் சோதியுங்கள்."

காவலர் திகைத்து நின்றார்கள். அவள் பின்வாங்கவில்லை. மாறவேள் வாளைக் கழற்றிப் பாய்மரத்தடியில் வைத்துவிட்டு, "தேவியின் ஆணை, வாருங்கள்" என்று தாமே வழிவிட்டார். இரும்புக்கோல் அவருடைய படுக்கையையும் ஆடைப் பேழையையும் குத்திக் கிளறிற்று. பேழையின் அடியிலிருந்து காவலர்தலைவன் ஒரு பட்டு முடிச்சைத் தூக்கிப் பிடித்தான்.

"என்ன அது?" என்றாள் எழில்நங்கை.

அவன் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "திருமாங்கல்யம், தேவி."

எழில்நங்கை அந்த முடிச்சை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அபின் இல்லையல்லவா? கலத்தை விடுங்கள்" என்றாள்.