டிக்கியில் நனைந்த கலசம்

அந்தப் பையை டிக்கியில் வைக்கச் சொன்னதே சந்தோஷ்குமார்தான். மைசூரு ரயில் நிலைய வாசலில், கொட்டும் மழையில், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அவள் அதை மடியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இவன்தான் “டிக்கி காலியாத்தானே இருக்கு மேடம்” என்று பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே வைத்தான். டிக்கி மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ‘இந்த ஞாயிறு மாற்றிவிடலாம்’ என்று அவன் நினைக்காத ஞாயிறு கிடையாது. சந்தோஷத்தைப் பெயரில் மட்டும் வைத்திருந்த அந்த வாடகைக்கார் ஓட்டுநருக்குத் தள்ளிப்போடுவதில் தனித் திறமை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் படித்துறை ஓரமாக வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்தான். பை ஒரு சின்னக் குளத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் உள்ளே கைவிட்டாள். கலசத்தின் அடிப்பாகம் கஞ்சிபோலக் குழைந்து விரலோடு வந்தது.

“எங்கம்மாங்க,” என்றாள்.

வழியெல்லாம் ‘பையில என்ன, ஜெர்மன் சாக்லேட்டா?’ என்று கேட்டுக்கொண்டு வந்தவன் சந்தோஷ். அப்போது ‘இல்லீங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

தண்ணீரில் கரைவதற்கென்றே சோளமாவில் செய்த அஸ்திக் கலசமாம் அது. ஆற்றில் எதுவும் தங்கிவிடக் கூடாது என்று அவளே தேடி வாங்கியது. ஆற்றுக்காக அவ்வளவு யோசிக்கும் ஒருத்தியும், ஒரு ரப்பருக்காகக்கூட யோசிக்காத ஒருவனும் ஒரே காரில் வந்தால் வேறென்ன ஆகும்…

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடிப்போய்த் தன் மதியச் சாப்பாட்டு எவர்சில்வர் தூக்கைக் காலிசெய்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தான்.

“நல்லாக் கழுவிட்டேன் மேடம். சித்ரான்ன வாசனை மட்டும் ஸ்வல்ப…”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொள்ளேகால் பக்கத்து மாநிற முகம்; அதில் மழைக்கு முந்தைய ஏரியைப் போலச் சாம்பல் நிறக் கண்கள்.

“அம்மாவுக்குச் சித்ரான்னம்னா உசுருங்க,” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சந்தோஷ்குமார் என்கிற மனிதன் தொலைந்துபோனது அந்தப் பாதியில்தான்.

சாம்பலைத் தூக்குக்கு மாற்றிய பிறகும் அவள் உடனே கரைக்கவில்லை. படித்துறையோரம் பூ வந்த பிளாஸ்டிக் கவர்கள் மிதந்தன. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இதெல்லாம் தன் தலையெழுத்து என்று முனகிக்கொண்டே அவனும் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். அம்மாவுக்கு இடம் சுத்தமான பிறகே தூக்கைக் கவிழ்த்தாள்.

ஈரம் காயும்வரை அவள் பேசினாள். பெயர் உமாதேவி. அம்மா சரசு, ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரி. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவள். மகளுக்குக் கௌதள்ளித் தமிழைச் சிந்தாமல் கொடுத்திருந்தாள். உமா பத்தொன்பது வயதில், நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காட்டை வெட்ட வந்தவர்களைத் தடுக்க மரத்துமேலேயே குடியிருந்தவள். பிறகு பசுமைக் கட்சி. இருபத்தைந்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். ஆற்றில் ஆலைக்கழிவு கலக்கக் கூடாது என்ற ஒரே சட்டத்துக்காக ஐந்து வருடம் மல்லுக்கட்டினாள்.

“ஓட்டெடுப்பு அன்னிக்கு அம்மா ஆஸ்பத்திரில. ‘முடிச்சுட்டு வா கண்ணு’ன்னாங்க. சட்டம் தோத்துப்போச்சு. நா போய்ச் சேர்றதுக்குள்ள அவங்களும்…”

அடுத்து வந்த தேர்தலில் பதவியும் போனது. அங்கே மக்கள் ஓட்டுப் போடுவது கட்சிக்கு. கட்சி வகுத்த வரிசைப்படிதான் நாற்காலி. இவளுக்கு முந்தைய ஆளோடு நாற்காலிகள் தீர்ந்துவிட்டன.

அவளைக் கௌதள்ளிக்கு, தாய்மாமன் லிங்கப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போனதும் சந்தோஷ்தான். பிறகு மைசூருக்கும் கௌதள்ளிக்குமாகத் தினம் ஒரு சாக்கு. வேறு சவாரிகளுக்கெல்லாம் அவன் வண்டி ‘ரிப்பேர்’. ஒருநாள் அவள், தோற்றவளுக்கு அங்கே என்ன வேலை, அம்மாவின் துண்டு நிலத்தில் இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். அன்று இரவு அவன் தனக்குத்தானே கன்னடத்தில் பாடிக்கொண்டதை யாரும் கேட்கவில்லை என்பது ஊர் செய்த புண்ணியம்.

மறுவாரம் போன் வந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர் மந்திரியாகிப் போகிறார். காலியான நாற்காலி இப்போது அவளுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கிளம்ப வேண்டும்.

காரில், வெளியே பார்த்தபடி, “நீங்க என்னங்க சொல்றீங்க?” என்று கேட்டாள்.

இருந்துவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் துடித்தது. ரப்பர் மாற்றாதவன் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை நிறுத்தி வைப்பதா… தன்மானம் என்று அவன் அதற்குப் பெயர் வைத்தான். உண்மையில் அது பயம்.

“போய்ட்டு வாங்க மேடம். என் டிக்கி பத்தி மட்டும் பார்லிமென்ட்ல பேசிடாதீங்க.”

அவள் சிரிக்கவில்லை. மைசூரு வரை வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமையும் மழை. கிளம்புவதற்காகத் தங்கியிருந்த மைசூரு லாட்ஜ் வாசலில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் சாவியைத் திருகவில்லை. கண்ணாடியில் அந்தச் சாம்பல் நிறக் கண்கள் தெரிந்தன, கலங்கித்தான் இருந்தன. இப்போதும் ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, திரும்பி உட்கார்ந்தான்.

“உமா… அன்னிக்கு நான் சொன்னது பொய். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க போனா எனக்கு இந்த ஊரே வேண்டாம்போல இருக்கு. அரசியல்வாதி மாதிரி சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லுங்க. என்னைப் பிடிச்சிருக்கா? திரும்பி வருவீங்களா?”

மழை காரின் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நேராக அவனைப் பார்த்தாள்.

“புடிச்சிருக்குதுங்க. ஆனா திரும்பி வர மாட்டேன். அந்த வேலை பாதில கெடக்குது. அதை உட்டுட்டு இங்க வந்து உக்காந்தன்னா, அம்மா சாகறப்ப நா பக்கத்துல இல்லாமப் போனதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். நீங்கதான் அங்க வரோணும். வர்றீங்களா, இல்லீங்களா?”