உள்ளேன் மிஸ்

திருவிடந்தையில் எங்கள் பள்ளிக்கு டாக்டர் வேன் வந்த அன்று நான் இரண்டு பேராக இருந்தேன். முதல் மேஜையில் சிநேகா. அரை மணி கழித்து அடுத்த மேஜையில் ஜாய்ஸ்.

யோசனை ஜாய்ஸுடையது. ஏழாம் வகுப்பில் அவளை ஓட்டத்தில் ஜெயிக்க ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை மதுராந்தகத்தில் ஓட்டப்பந்தயம். ஆனால் ஒரு மாதமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நெஞ்சுல குழாய வச்சா கண்டுபுடிச்சுடுவாங்கடி. அப்பால ஓட வுடமாட்டாங்க. எம்பேரு கூப்டா நீ போ."

"மாட்டிக்கினா?"

"அந்த டாக்டருக்கு உன்னத் தெரியுமா, என்னத் தெரியுமா?"

தெரியாதுதான். எங்கள் ரமா மிஸ்ஸும் பொடிசுகளை எடை பார்க்கும் இடத்தில் நின்றார். நர்ஸ் "ஜாய்ஸ்" என்று கூப்பிட்டதும், வகுப்பில் சொல்லிப் பழகிய வாய், "உள்ளேன் மிஸ்" என்றது. நர்ஸ் சிரித்தார். டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஜாய்ஸின் அட்டையில் 'நலம்' என்று எழுதினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதியம் ஓட்டப் பயிற்சி. பாதி மைதானத்தில் ஜாய்ஸ் உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவள்போல உதடு நீலமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லடி. வெயிலு," என்றாள்.

காலையிலிருந்தே கடல் பக்கம் மேகம் மூடியிருந்தது. வெயில் எங்கே? வாசலில் டாக்டர் வேனில் எடை மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த 'நலம்' என்னுடையது. அவள் நெஞ்சை இன்னும் யாருமே கேட்கவில்லை.

"நான் போய்ச் சொல்லப்போறேன்."

"சொன்னீனா உன்கூடப் பேசவே மாட்டேன்," என்று சுண்டுவிரலைக் காட்டிக் காய் விட்டாள்.

நான் ஓடினேன். அவளைவிட வேகமாக நான் ஓடியது அன்று ஒருநாள்தான்.

"டாக்டர், அந்த ஜாய்ஸ் நான் இல்ல. அவ அங்க உக்காந்துகினு கீறா. ஒதடு நீலமா கீது."

டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் குழாயை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு விரைந்தார். ஜாய்ஸின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதே வேனில் அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் ஜாய்ஸ் என்னைப் பார்க்கவில்லை. ரமா மிஸ் அன்று என்னைத் திட்டியது தனிக் கதை.

இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷன் என்றார்கள். ஜாய்ஸ் வீட்டுக் கதவு பூட்டியே கிடந்தது.

"பொழச்சுக்குவாளாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார்.

ரமா மிஸ் தினமும் பதிவேட்டில் அவள் பெயரையும் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அந்தக் கொஞ்ச நேரமும் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இப்படியே ஏழு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை அவள் வந்தாள், இளைத்துப்போய். பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பேசவில்லை.

"ஜாய்ஸ்," என்றார் மிஸ்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"உள்ளேன் மிஸ்," என்றாள் அவள். பிறகு பெஞ்சுக்கு அடியில் என் பக்கமாக இரண்டு விரலை நீட்டினாள். பழம்.