கல் நின்ற குழி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, கழுவிய கை காய்வதற்குள் கோவிந்தப்பன் நகர அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏன் வந்தாய் என்று கேட்பாரும் கிடையாது. மேல் தளத்து ஓவியக் கூடத்தை அவர் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. கீழ்த்தளத்தின் கடைசி மூலையில், வில்லும் குறுவாளுமாக ஒரு வீரனைச் செதுக்கிய நடுகல் நின்றது. அதற்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, கல் வெறும் கல்லாகவே இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மாலைக் காப்பிக்கு வீடு திரும்புவார். எலும்பைப் புதைத்த நாய் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருமாம். காவல் காப்பதாக அதற்கு நினைப்பு. எலும்பு இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுப்பது அதற்குத் தெரிவதில்லை.

அந்த ஞாயிறு வழக்கம் தவறியது. பெங்களூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகள் அருணா, "அப்படி என்னதான் பாக்கறீங்கன்னு நானும் வர்றேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. மூலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கல்லின் அடியில், துடைத்த வெள்ளைத் தரையின் மேல், ஒரு பிடி ஈரச் செம்மண் கிடந்தது.

"வாங்க சார். மாமியா வீட்டுக்குக்கூட இம்புட்டு வாட்டி போயிருக்க மாட்டீக," என்றார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் காவலாளி கருப்பசாமி. "இந்த மண்ணப் பாத்தீகளா? காலையில இருந்து கூட்டுறேன், கூட்டக் கூட்ட வருது. நீங்க கொண்டாந்து கொட்டுறீகளோ?"

"எங்கப்பாவா? வீட்ல தொடப்பத்தத் தொட்டதில்லீங்க அவரு," என்று சிரித்தாள் அருணா. பிறகு கல்லைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அப்பா, இது நம்ம நெலத்து வேடியப்பன் கல்லாச்சே! ஜேசிபி பட்டு ஒடஞ்சிருச்சுன்னீங்க?"

"ஒட்ட வெச்சிருக்காங்கம்மா. நீ மேல போய்ப் படமெல்லாம் பாரு, போ."

அவள் நம்பினாள். அவர் சொன்னதை எப்போதும் நம்புகிறவள் அவள். அவரை நல்லவர் என்று நம்பும் உயிர் உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கையை இழந்துவிட்டு உயிரோடிருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. படியேறும் அவளுடைய காலடி ஓசை மேலே தேய்ந்தது. கருப்பசாமியும் துடைப்பத்தோடு வாசல் பக்கம் போய்விட்டார்.

மண்ணின் வாசனை மூக்கில் ஏறியது. முதல் மழை பட்ட, அவர் விற்றுவிட்ட தளி மேட்டு நிலத்தின் வாசனை.

அந்த நிலத்தில் தலைமுறைகளாகக் கூலிக்கு உழைத்த வெள்ளையம்மா குடும்பத்துக்கு அந்தக் கல்தான் குலதெய்வம். பண்டிகைக்கு முன் கல்லைப் பெயர்த்து ஏரிக்குக் கொண்டுபோய்க் கழுவுவார்கள். கல் திரும்பும்வரை குழி காலியாக இருக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் அதில் இறங்கி நிற்க வேண்டும். கல் வர வேண்டும், அல்லது வேறொருவர் மனமுவந்து, "நான் நிக்கிறேன், நீ ஏறு" என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காமல் நிற்பவர் ஏறக் கூடாது.

சாமி இருக்கும் நிலம் வேண்டாம் என்றார்கள், கம்பெனிக்காக வாங்க வந்தவர்கள். கோவிந்தப்பன், "இந்த வருஷம் நானே வண்டி வெச்சுக் கழுவிக் கொண்டாறேன்" என்று கல்லை ஏற்றிப்போய் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். வெள்ளையம்மா இடுப்பளவுக் குழியில் நின்றாள். பொழுது சாய்ந்து, மழை தூறத் தொடங்கியபோது, நிலத்தைச் சமன் செய்ய மண் ஏற்றிய டிப்பர் லாரிகள் வந்தன. ஒன்று குழியை நோக்கிப் பின்வாங்கியது. ஓட்டுநருக்கு அவள் தெரியவில்லை; மேட்டில் காருக்குள் இருந்த கோவிந்தப்பனுக்குத் தெரிந்தாள். "அய்யா!" என்று அவள் கூப்பிட்டதும் கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் லாரி நின்றிருக்கும். விற்பனையும் நின்றிருக்கும். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வெள்ளையம்மா கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டதாக ஊருக்கும் மகளுக்கும் சொன்னார்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஓசை மட்டும் எங்கோ போயிருந்தது. சாலையில் பேருந்துகளின் இரைச்சலும் இல்லை. கல்லின் பின்னால் மண் உதிர்ந்தது. பொல பொலவென்று. பிறகு, யாரோ இருமினார்கள்.

போய்விடலாம். எழுந்தார். மகள் மேலே இருப்பது நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

கல்லின் பக்கவாட்டில் ஒரு கை தெரிந்தது. விரல்கள். நகமெல்லாம் செம்மண். பிறகு தலை. தோள். அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே தரை.

"கல்லு வந்துருச்சுங்களாய்யா?" பேசும்போது வாயிலிருந்து மண் வழிந்தது. குரலில் கோபம் இல்லை. "இடுப்பு விட்டுப் போச்சுங்க. ஏறிக்கட்டுங்களா?"

கல் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றது. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அவர் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நான் நிக்கிறேன். நாக்கு நுனிவரை வந்தது. மகள் மேலே இருக்கிறாள். சத்தம் போட்டால் இறங்கி வருவாள்.

"இன்னும் வரல," என்றார் தாழ்ந்த குரலில். "இன்னுங் கொஞ்ச நேரம் நில்லு வெள்ளையம்மா."

"செரிங்கய்யா."

படியில் யாரோ மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது.

அருணா நின்றிருந்தாள்; அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் பார்வை வெள்ளையம்மாவிடமிருந்து அவரிடம் வந்தது. எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"வெள்ளைக்கா... கல்லக் கொண்டுபோன அன்னைக்கிருந்து நிக்கறீங்களா?"

"அய்யா நிக்கச் சொன்னாருங்கம்மா."

"அருணா, கிட்டப் போகாத!"

அவள் போனாள். சிறுமியாக அந்தத் திருவிழாவை வேடிக்கை பார்த்தவள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். மண் பிடித்த அந்தக் கையைப் பற்றினாள்.

"எங்கப்பா செஞ்சதுக்கு நான் நிக்கிறேன்க்கா. நீங்க ஏறுங்க."

வெள்ளையம்மா ஏறினாள். புடவையை உதறினாள். பெஞ்சில் கோவிந்தப்பன் பக்கத்தில் வந்து, மரியாதைக்கு ஓரமாக, உட்கார்ந்தாள்.

தரை அருணாவின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு. பிறகு மேலிருந்து, இல்லாத லாரியிலிருந்து, மண் சரியத் தொடங்கியது.

"பயப்படாதீங்கப்பா," என்றாள் அவள். "கல்லு வர்ற வரைக்கும்தானே."

கோவிந்தப்பன் பாய்ந்து கல்லைக் கட்டிப் பிடித்தார். குழியை நோக்கி இழுத்தார். தள்ளினார். முட்டினார். நகம் பிய்ந்தது. பீடத்தோடு சிமெண்டு வைத்துப் பூசிய கல். மண் அவள் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொட்டது. அவள் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கல் அசையவில்லை.