மாட்டேன் என்று சொல்லாத நிழல்கள்

மாலைக்குள் அறிக்கை தலைமைச் செயலகத்துக்குப் போய்விடும். போனால் கூத்தம்பாறை என்ற ஊர் புதிய அணைக்குள் மூழ்கும். ஆய்வு மாணவி வளர்மதி மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறி, பேராசிரியர் ஞானசிகாமணியின் அறையில் மூச்சிரைக்க நின்றாள்.

தேர்தல், கருத்துக்கேட்பு எல்லாவற்றையும் அரசு எப்போதோ கைவிட்டிருந்தது. மக்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? அதற்குத்தான் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையின் நிழலவை இருக்கிறதே! மாணவர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பதில்களைக் கொண்டு ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு கணினி நிழல் வார்த்திருந்தார்கள். ஆள் என்ன சொல்வாரோ அதை அவருடைய நிழலே சொல்லிவிடும். கூத்தம்பாறையின் நிழல்கள் ஊரைக் காலி செய்ய ஒருமனதாகச் சம்மதித்திருந்தன.

வளர்மதி ஒரு வேண்டாத வேலை செய்திருந்தாள். நேற்று அந்த ஊருக்கே போய் நிஜ மனிதர்களைக் கேட்டாள். ஒருவர்கூட நகரத் தயாராக இல்லை. பின்னே, மாணவர்கள் வந்தபோது எல்லாவற்றுக்கும் ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்டதற்கு, மாராயி என்ற பெண் மோர்ச்சொம்பை நீட்டியபடி சிரித்தாள்.

"வீடு தேடி வந்த புள்ளைங்க. வெயில்ல கருத்துப்போயி நின்னுச்சுங்க. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படித் தாயி சொல்றது? ஓட்டுல காட்டிக்கலாம்னு இருந்தோம்."

பதில்களைச் சேகரித்து முடித்த மறுவருடமே ஓட்டை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் கொட்டித் தீர்க்கும் வரை கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர், நிதானமாக இரண்டு காபி வரவழைத்தார். அவள் தொடவில்லை. மேசையிலிருந்த கருவியில் கேள்வியைத் திருப்பிப் போட்டாள்: ஊரைவிட்டு அசையவே மாட்டோம் என்பதற்குச் சம்மதமா? கூத்தம்பாறையின் நிழல்கள் அதற்கும் ஒருமனதாகச் சம்மதித்தன.

"பாருங்க சார். எதைக் கேட்டாலும் ஆமாங்குது. இதுங்களுக்கு மறுக்கவே தெரியாது."

பேராசிரியரின் முகம் வெளிறியது. அவர் ஆயுசெல்லாம் கட்டிய அவை அது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசு கேட்டது ஊரைக் காலி செய்யலாமா என்ற முதல் கேள்வியைத்தான், அதற்குப் பதில் இருக்கிறது என்றார். துறைக் குழுவும் அறிக்கையை ஏற்றாயிற்று என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். உண்மையில் குழு கூடியதே இல்லை. உறுப்பினர்களின் நிழல்களைத்தான் கேட்டிருந்தார்கள். சம்மதித்தவர்களில் மாணவர் பிரதிநிதி வளர்மதியும் இருந்தாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய நிழல் பொய் சொல்லவில்லை. இந்த அறையில் எத்தனை காபி குடித்திருக்கிறாள்! ஆய்வுத் தலைப்பை மாற்று என்றார், மாற்றினாள். கட்டுரையில் என் பெயரை முதலில் போடு என்றார், போட்டாள். முகத்துக்கு நேரே அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

"நான் சம்மதிக்க மாட்டேன் சார்," என்றாள். ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. ஆட்சேபம் வந்தால் பதிய வேண்டும் என்பது விதி. அவள் சொன்னதை அப்படியே கருவியில் பதிந்தார். நிழலவை அதை அவளுடைய நிழலோடு ஒப்பிட்டுப் பார்த்தது. திரையில் தீர்ப்பு வந்தது.

'இது வளர்மதியின் பதிலாக இருக்க முடியாது. பிழை என நீக்கப்பட்டது.'

பேராசிரியர் அறிக்கையை அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"காபி ஆறுதும்மா," என்றார்.