சத்தம் வராத கல்யாணம்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்புக் குமிழில் காற்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் 'உஸ்' என்று சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு உருளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டுக்கு இரண்டு உருளை என்று பலகையில் எழுதியிருக்கும். நாலு பிடிக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. கிரகம் மாறினால் மனுஷனுக்குக் குணம் மாறிவிடுமா என்ன?

அன்றைக்கு வரிசையில் நின்ற தர்ஷினிக்கு அறுபத்தாறு வயது. (சிரிக்காதீர்கள். தர்ஷினி, கிஷோர் எல்லாம் இப்போது சுத்தக் கிழட்டுப் பெயர்கள்.) அவள் கையில் உருளை இல்லை, ஒரு நினைவுச்சில்லுதான் இருந்தது. அதில் அவளுடைய கல்யாண வீடியோ. பழங்கோப்பு மெக்கானிக் இஸ்மாயில் தன் மூன்றாவது உருளையை மறைத்து மறைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது அவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"இஸ்மாயிலு, படம் ஓடுது, வாய் அசையுது, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குச் சத்தம் வந்தாகணும்."

"கல்யாணம் முடிஞ்சு நாப்பத்திரண்டு வருஷமாச்சு. இப்ப என்னம்மா அவசரம்?"

அவசரம் இதுதான். பூமிக்குக் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் போகும். விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. தம்பதியருக்கு ஒற்றைச் சீட்டு கிடையாது. போனால் இரண்டு பேரும் போக வேண்டும். தர்ஷினிக்கு மன்னார்குடிக்குத் திரும்ப வேண்டும். கிஷோரோ குமிழ்வாசிகள் நலச்சங்கத்தின் செயலாளர். அந்த நாற்காலியைப் பிடிக்கப் பதினாறு வருஷம் பாடுபட்டவர், அதை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"செவ்வாய்க்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ரிசப்ஷன்ல ஆங்கர் பொண்ணு மைக்கைக் குடுத்து, 'மாப்பிள்ளை, பொண்ணுக்கு ஒரு ப்ராமிஸ் பண்ணுங்க'ன்னா. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பத்து வருஷத்துல ஊருக்கே கூட்டிட்டு வந்துடறேன்'னாரு. இப்ப கேட்டா, சொல்லவே இல்லைங்கறாரு!" அவள் சில்லை அவன் கையில் திணித்தாள். "ஒரே ஒரு தடவ மழையில நனையணும் தம்பி. அவ்வளவுதான் ஆசை."

சாட்சி சொல்ல ஆளில்லை. அந்த நேரத்தில் விருந்தினர் எண்ணூறு பேரும் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருந்தார்கள். உதடு படிக்கும் இயந்திரமும் கையை விரித்துவிட்டது. அதற்கு 'ப'வும் ஒன்றுதான், 'ம'வும் ஒன்றுதான். தர்ஷினி "பத்து வருஷம்" என்றாள். அது "மத்த விஷயம்" என்று கிஷோர் சாதித்தார். குமிழின் நடுவர் இயந்திரம் ஒலிப்பதிவை மட்டுமே ஏற்கும். பதிவான வாக்குறுதியை அது நிறைவேற்றியே தீரும், அப்பீல் கிடையாது.

இஸ்மாயில் கடைக்குக் கிஷோரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"வீடியோங்கறது டிபன் கேரியர் மாதிரிம்மா," என்றான் இஸ்மாயில். "ஒரு அடுக்குல படம், ஒரு அடுக்குல சத்தம். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனிப் பூட்டு. அதைத்தான் கோடெக்னு சொல்வாங்க. படத்துப் பூட்டுக்கு நம்மகிட்ட சாவி இருக்கு. சத்தத்துப் பூட்டு அந்தக் காலத்துது."

"கோப்போட பேரை மாத்திப் பாரேன். நான் மாத்திப் பாத்தேன்," என்றார் கிஷோர், ரொம்ப உதவி செய்கிறவர் போல.

"கேரியர் மேல சாம்பார்னு எழுதி ஒட்டினா உள்ள இருக்கற ரசம் சாம்பாராயிடுமா சார்?"

முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றினான். கடுகு தாளிக்கிற சத்தம் வந்தது. கிஷோர் முகம் மலர்ந்தது. மறுபடி மாற்றினான், சத்தத்தின் அடுக்கே காணாமல்போய்ப் படம் மட்டும் மிஞ்சியது. மூன்றாம் முறை ஒலியின் அளவுமுள் லேசாகத் துடித்தது, ஆனால் காதில் ஒன்றும் விழவில்லை. தர்ஷினி மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் காயலான் கடையில் கிடந்த ஒரு கிழட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வயிற்றிலிருந்து சாவியை உருவியெடுத்தான். அப்போது மணி நாலு ஐம்பது. முள் துள்ளிக் குதித்தது. கேட்டுப் பார்க்க நேரமில்லை. மூன்று பேரும் நடுவர் மன்றத்துக்கு ஓடினார்கள்.

திரையில் இளைய கிஷோர் மைக்கை வாங்கினார். மணப்பெண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நிலவுக்கு உன்னை நான் கூட்டிப்போவேன், நீ கேட்டால் அங்கேயே குடித்தனம் செய்வேன்..."

பின்னால் நூறு வயலின்கள்.

அடக் கடவுளே! நடுவர் இயந்திரம் நிதானமாகப் பேசியது. அதற்குச் சட்டம் புகட்டியவர்கள் சினிமாப் பாட்டுப் புகட்ட மறந்துவிட்டிருந்தார்கள்.

"மணமகனின் உதடு அசைகிறது. ஒலி தெளிவாக உள்ளது. பூமி பற்றிப் பேச்சே இல்லை. வாக்குறுதி, நிலவு. கப்பல் நிலவு வழியாகத்தான் செல்கிறது. இருவரும் அங்கே இறங்கிக்கொள்ளலாம். 'அங்கேயே குடித்தனம்' என்பதால் திரும்பும் சீட்டு தேவைப்படாது."

"ஐயோ, அது நான் பாடினதில்லீங்க! சினிமாப் பாட்டு! வீடியோக்காரன் நிஜச் சத்தத்தை எடுத்துட்டு இதைப் போட்டுட்டான்!"

"ஏன்?" என்றது நடுவர்.

"நிஜச் சத்தம் வேணாம், ஒரே இரைச்சலா இருக்கும்னு..."

"யார் சொன்னது?"

கிஷோர் திரும்பி மனைவியைப் பார்த்தார். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப எல்லாரும் அப்படித்தாங்க போட்டாங்க," என்றாள் முனகலாக. அந்தப் பாட்டை அவள் மூன்று வாரம் தேடித் தேடிப் பொறுக்கியிருந்தாள், நாற்பத்திரண்டு வருஷத்தில் அதைச் சுத்தமாக மறந்தும் போயிருந்தாள்.

"வாழ்நாள் வாக்குறுதியை அழித்துவிட்டு, அதன்மேல் யாரோ ஒருவருடைய வாக்குறுதியை ஒட்டச் சொன்னீர்களா?" என்றது நடுவர். "அறிவுள்ள எந்த உயிரும் அப்படிச் செய்யாது. இதை நம்புவதற்கில்லை."

கிஷோருக்கு அப்போதுதான் உறைத்தது. நலச்சங்கம் போயிற்று, நாற்காலி போயிற்று. "சொன்னேங்க! நான்தான் சொன்னேன்!" என்று அலறினார். "பத்து வருஷத்துல ஊருக்கே கூட்டிட்டு வந்துடறேன்னுதான் சொன்னேன்! அவ சொல்றது சத்தியம்!"

நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் சொன்னது சரி என்று அவர் ஒப்புக்கொண்டார். தர்ஷினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஒலிப்பதிவு அப்படிச் சொல்லவில்லை," என்றது நடுவர். மணி ஐந்து அடித்தது.

வெளியே வரும்போது தர்ஷினி இஸ்மாயிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிலாவுல மழை பெய்யுமா தம்பி?"

"அங்க காத்தே கெடையாதும்மா. ஆனா பூமி தெரியுமாம். மேகம்கூடத் தெரியுமாம்."

"எம்மேலதான் தப்பு," என்று சொல்லிவிட்டு அவள் கிஷோரைப் பின்தொடர்ந்து நடந்தாள்.

தீர்ப்பு குமிழ் முழுக்கப் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இஸ்மாயில் கடைக்குத் திரும்பியபோது காற்றுக்குழாய் வரிசையைவிட நீளமான வரிசை அங்கே நின்றது. எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லார் கையிலும் கல்யாண வீடியோ. முதலில் நின்ற பெரியவர் அவன் காலில் விழாத குறை.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். சத்தத்தை மட்டும் எப்படியாவது எடுத்துடுப்பா."

"உங்களையும் நிலாவுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயமா?"

"நிலான்னா பரவாயில்லையே," என்றார் அவர். "என்னோட பாட்டுல, உனக்காக உயிரையே குடுப்பேன்னு வருது."