பட்டியலில் மூன்றாவது பெயர்

வயர்லெஸ் இன்டர்நெட் இணைப்பு கொடுத்துப் பிழைப்பவனுக்குக் கண்ணில் படாத எதைக் கண்டும் பயம் வரக் கூடாது, காற்றில் போகிறதெல்லாம் நம் ஆள்தான் என்று ராசிபுரம் கடையில் உட்கார்ந்து சவடால் அடித்துக்கொண்டிருந்தவன் நான். 2007 ஆவணியில் கொல்லிமலையில் இருக்கும் வாழவந்தி நாட்டுக்கு ஒருமுறை போய்வந்தேன். அதிலிருந்து அந்தச் சவடால் நின்றுபோனது.

கூப்பிட்டவள் சத்யா. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை அவளுக்கு. கணவன் சபரீஷ் பத்து மாதத்துக்கு முன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து இறந்திருந்தான். காப்பித் தோட்டத்து நடுவில் இருந்த அந்த வீட்டில் அவளும் மாமியார் பிரபாவதியும் மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. அதற்குள் மூடுபனி இறங்கி ஜன்னல் கம்பிவரை வந்துவிட்டது. சிமெண்டுத் தரை போட்ட கூடத்துக்குள் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை அடித்தது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்யாவின் கண்ணைச் சுற்றிக் கருத்துப்போயிருந்தது. இரண்டு மாதமாகச் சாயங்கால நேரத்தில் அவள் திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறதாம். ஒரே இணைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்புகிற செய்திப் பெட்டி அது. அதில் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முதலில் ‘சாப்பிட்டியா’ என்று வந்தது. பிறகு ‘அந்த நீலச் சேலை எங்க?’ என்று கேட்டது. நேற்று வந்தது: ‘எடம் இருக்குது. நீயும் வா.’

“இது நிக்கலீன்னா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போயிருமுங்க,” என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இணைப்புக்கு டபிள்யூ.இ.பி. என்கிற பழைய பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை உடைக்க வலைத்தளங்களில் இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது, பத்து நிமிஷ வேலை, எவனோ பக்கத்து வீட்டுப் பொறுக்கி உள்ளே நுழைந்து விளையாடுகிறான் என்று விளக்கினேன். பக்கத்து வீடு அரை மைல் தள்ளி இருந்தது. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். சத்யாவின் கம்ப்யூட்டர், என் லேப்டாப், ஆக இரண்டு பெயர் இருக்க வேண்டும்.

மூன்று இருந்தன.

மூன்றாவது, சபரீஷ்.

அவருடைய லேப்டாப் எங்கே என்று கேட்டேன். சத்யா மாமியாரைப் பார்த்தாள்.

“அவங்கூடத்தானுங்க வெச்சோம்,” என்றார் பிரபாவதி.

அவர்கள் குடும்பத்தில் செத்தவரைத் தோட்டத்திலேயே புதைப்பதும், ஆசையாக வைத்திருந்த பொருளை உடன் வைப்பதும் வழக்கமாம். அப்புச்சிக்கு, அதாவது தாத்தாவுக்கு, வெற்றிலைப் பெட்டி வைத்தார்களாம். மகனுக்கு அந்த லேப்டாப்பை வைத்தார்களாம். பிறகு அந்தம்மா இன்னொன்றும் சொன்னார்.

“அதுல வெளக்கு எரிஞ்சிட்டிருந்துதுங்க சாமி. அணைச்சு வெக்க மனசு வரலீங்க.”

அந்த மாதிரி லேப்டாப்பில் சார்ஜ் மூன்று மணி நேரம் நிற்கும். புதைத்துப் பத்து மாதம்.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் வேலையில் இறங்கினேன். டபிள்யூ.பி.ஏ.2 என்று புதிய பூட்டு ஒன்று இருக்கிறது, அதை யாராலும் லேசில் உடைக்க முடியாது, இருபது எழுத்துக்கு மேல் கடவுச்சொல் வையுங்கள் என்று சத்யாவிடம் சொன்னேன். பிரபாவதி பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்க, அந்தப் பழைய பொட்டி இந்தப் புதுப் பூட்டுல உள்ள வருமுங்களா?”

வராது, அவ்வளவு பழைய லேப்டாப்புக்கு அது புரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பழையதே இருக்கட்டும், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சினார். நான் சத்யாவைப் பார்த்தேன்.

“போடுங்க,” என்றாள்.

கடவுச்சொல்லை அவளே தட்டினாள். இணைப்பு கொடுக்கும் கருவியின் விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தன. பட்டியலில் இரண்டே பெயர்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

காப்பிச் செடிகளுக்கு அடியிலிருந்து, மரக்கதவைக் கையால் தட்டுகிற மாதிரி சத்தம். அவசரமில்லாமல், விட்டுவிட்டு.

மூவரும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் நின்றது. மண்வாடையும் போய்விட்டது. பிரபாவதி முந்தானையில் முகத்தைப் புதைத்து, “எம்பையனை வெளிய நிறுத்திப்போட்டீங்களே,” என்று அழுதார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஓடித்தான் வந்தேன்.

அடுத்த மாதம் சத்யா கோயமுத்தூரில் வேலை தேடிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். நம்பரை எனக்கு மட்டும் கொடுத்தாள். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் புதுப் பூட்டுப் போடச் சொல்கிற என் வீட்டில் அன்றைக்கும் பழைய பூட்டுத்தான். சோம்பேறித்தனம். சத்யா கோயமுத்தூர் போன மூன்றாம் நாள் சாயங்காலம் என் திரையில் அந்தச் சின்னப் பெட்டி வந்தது.

‘சத்யா எங்க?’

பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது. உடனே பூட்டை மாற்றக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. இங்கேயும் அடைத்தால் அடுத்து எந்த வீட்டுக்குப் போகும்? பழைய பூட்டுள்ள வீடு கோயமுத்தூரில் எத்தனை இருக்கும்? அந்தப் பெண் இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறாள். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். என்னோடேயே கிடக்கட்டும். ஆறு மாதமாகத் தினம் அதே கேள்வி வருகிறது. நான் பதில் தட்டுவதில்லை. வீட்டுக்குள் ஏன் மண்வாடை அடிக்கிறது என்று என் மனைவி மணிமேகலை கேட்கிறாள். அவளுக்கும் பதில் சொல்வதில்லை.

இன்று சாயங்காலம் சத்யா போன் செய்தாள். சம்பளம் கூட்டியிருக்கிறார்களாம். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறதாம். என்னமோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை, எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் வேறு யாருமில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

திரையில் பெட்டி திறந்திருந்தது.

‘அவ சிரிச்சது கேட்டுச்சு. நம்பர் குடுங்க.’